ராமேஸ்வரம் பின்கோடை இரண்டு முறை எழுதுங்கள்: பெரிய எண்ணைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி

ராமேஸ்வரத்தின் பின்கோடு 623526. அதையே பக்கத்தில் இன்னொரு முறை எழுதினால் 623526623526 என்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கிடைக்கும். நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 6,23,52,66,23,526. அதாவது 62,352 கோடியே 66 இலட்சத்து 23 ஆயிரத்து 526.

இந்த எண் எவற்றால் வகுபடும்? இதற்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்? அவற்றைக் கூட்டினால் எவ்வளவு? இதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டே விடை காணலாம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இந்தக் கரையில் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்த யாருக்கும் இது எட்டும் வேலைதான். பெரிய எண் என்றதும் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு. அதன் முதல் பக்கத்தில் 100-க்குள் வரும் 25 பகா எண்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. மனப்பாடம் செய்ய வேண்டாம், கணக்குப் போடப் போட அதுவே பதிந்துவிடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை. பத்து இலக்கம் மட்டும் காட்டும் கால்குலேட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பன்னிரண்டு இலக்க எண்ணின் கடைசி இலக்கங்களை அது விழுங்கிவிடும். நமக்கு வேண்டியது மீதி. கடைசி இலக்கம் போனால் மீதியும் போச்சு.

முதலில் எண்ணின் அமைப்பைப் பாருங்கள்

ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். வரிசை மட்டும் மாறலாம். பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று படித்தது இதுதான். அந்தப் பகாக் காரணிகள் கையில் வந்துவிட்டால் மேலே கேட்ட கேள்விகள் எல்லாம் ஓரிரு வரிக் கணக்காகிவிடும். ஆக, மொத்தப் பாடும் காரணிகளைக் கண்டுபிடிப்பதில்தான்.

நேர்வழி என்றால், ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எதுவரை? எண்ணின் வர்க்கமூலம் வரை. ஒரு எண்ணை இரண்டாகப் பிரித்தால் இரண்டில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது, அதனால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 7,89,637. அதுவரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கையால் ஆகிற காரியமில்லை.

வலையில் சிக்கல் எடுப்பவர் கண்ட இடத்தில் இழுக்க மாட்டார். எந்த முனை தளர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கை வைப்பார். எண்ணிலும் அப்படித்தான். வகுக்கத் தொடங்கும் முன், இந்த எண் எப்படி உருவானது என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் எண் எப்படி உருவானது? 623526-ஐ ஆறு இடம் இடப்பக்கம் தள்ளி, அதாவது பத்து இலட்சத்தால் பெருக்கி, கூடவே 623526-ஐச் சேர்த்தோம். அப்படியானால்,

623526 × 1000000 + 623526 = 623526 × 1000001.

ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை. எண் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்த ஆறு இலக்க எண்ணை இரட்டித்து எழுதினாலும் 1000001 அதில் காரணியாக வந்தே தீரும். மூன்று இலக்க எண்ணை இரட்டித்தால் 1001 வரும், அதாவது 7 × 11 × 13. நண்பரிடம் ஏதாவது மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை எழுதச் சொல்லிவிட்டு, எண்ணைப் பார்க்காமலே "இது 7-ஆல் வகுபடும், 11-ஆல் வகுபடும், 13-ஆல் வகுபடும்" என்று சொல்லலாம். தப்பவே தப்பாது.

இரண்டு இலக்க எண்ணை இரட்டித்தால் 101 வரும். இதற்கு எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே நிற்கிறது. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். 12-ஐ இரண்டு முறை எழுதிய எண் அது. ஆகவே 12 × 101. இந்த 101-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே மறுபடி வரப்போகிறது.

1000001-ஐப் பிரிப்பது

ஒன்பதாம் வகுப்பில் படித்த முற்றொருமை ஒன்று: a³ + b³ = (a + b)(a² − ab + b²). தேர்வு முடிந்ததும் இது எதற்கு உதவும் என்று பல பிள்ளைகள் கேட்பார்கள். இதோ, இதற்கு. பத்து இலட்சம் என்பது 100-இன் கனம். எனவே 1000001 = 100³ + 1³. முற்றொருமையில் போட்டால்,

(100 + 1) × (10000 − 100 + 1) = 101 × 9901.

101 பகா எண். 2, 3, 5, 7 நான்கிலும் வகுபடவில்லை. 11-இன் வர்க்கம் 121 என்பதால் அதோடு போதும். 9901 எப்படி? அதன் வர்க்கமூலம் 99.5, ஆக நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் 25 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் அதை ஐந்து வகுத்தலாகக் குறைக்க முடியும். குறைக்கும் வழி எண் கோட்பாட்டின் மிக அழகான பகுதிகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இதற்கு மீதிக் கணக்கு வேண்டும். நம் கரையில் அது எல்லாரும் அறிந்ததுதான். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். 2025-ல் தடை தொடங்கியது செவ்வாய்க்கிழமை. தடை முடிந்து ஜூன் 15 அன்று என்ன கிழமை? 61 நாளையும் எண்ண வேண்டியதில்லை. 61-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. செவ்வாயிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் ஞாயிறு. கிழமையைப் பொறுத்தவரை 61-ம் 5-ம் ஒன்றுதான். இதைத்தான் பாடப்புத்தகம் 'மட்டு 7' என்று சொல்கிறது. மீதிகளைக் கூட்டலாம், பெருக்கலாம். முழு எண்ணைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். மீதி 6 என்பதை, 7-க்கு ஒன்று குறைகிறது என்ற கணக்கில் −1 என்றும் எழுதலாம். கை வேலையைப் பாதியாக்கும் பழக்கம் இது.

இப்போது 9901-க்கு p என்ற பகாக் காரணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9901 காரணியாக இருப்பது 10⁶ + 1-க்கு. எனவே p-ஆல் வகுத்தால் 10⁶ விடும் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 10¹² விடும் மீதி 1. 10-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் 12-ஐ வகுக்கும், ஆனால் 6-ஐ வகுக்காது. அப்படிப்பட்ட எண்கள் 4, 12 இரண்டே. 4 ஆக இருக்க முடியுமா? அப்படியானால் 10² விடும் மீதி −1, 10⁴ விடும் மீதி 1. 9901 = 10⁴ − 10² + 1 என்பதால் அதன் மீதி 1 + 1 + 1 = 3. p அதை வகுக்க வேண்டுமானால் p = 3 ஆக வேண்டும். 9901-இன் இலக்கக் கூடுதல் 19. அது 3-ஆல் வகுபடாது. ஆக, சுற்றின் நீளம் 12-தான்.

ஃபெர்மாவின் சிறிய தேற்றம், p-ஆல் வகுபடாத எண்ணின் (p − 1)-ஆம் அடுக்கு விடும் மீதி 1 என்கிறது. அதனால் சுற்றின் நீளமான 12, p − 1-ஐ வகுத்தாக வேண்டும். அதாவது p-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 1. 100-க்குள் அப்படி இருக்கும் பகா எண்கள் 13, 37, 61, 73, 97. அவ்வளவுதான். வகுத்துப் பாருங்கள்:

13-ஆல் மீதி 8. 37-ஆல் மீதி 22. 61-ஆல் மீதி 19. 73-ஆல் மீதி 46. 97-ஆல் மீதி 7.

எதிலும் பூச்சியம் இல்லை. 9901 பகா எண்.

இதே காரணத்தால் 1/9901-ஐத் தசமத்தில் எழுதினால் 0.000100999899 000100999899... என்று பன்னிரண்டு இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். சரியாகப் பன்னிரண்டு இலக்கச் சுற்று கொண்ட பகா எண் 9901 ஒன்று மட்டுமே. நம் பின்கோடு விளையாட்டில் இப்படிப்பட்ட அரிய எண் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

மீதிப் பாதி: 623526

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் தெரியவில்லை. பள்ளியில் படித்த வகுபடும் தன்மை விதிகளை வரிசையாக ஓட்ட வேண்டியதுதான்.

கடைசி இலக்கம் 6, இரட்டை. ஆனால் கடைசி இரண்டு இலக்கமான 26, 4-ஆல் வகுபடாது. ஆகவே 2 ஒரே ஒரு முறைதான். இலக்கங்களின் கூடுதல் 6 + 2 + 3 + 5 + 2 + 6 = 24. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 3-உம் ஒரே முறை. 2-ஐயும் 3-ஐயும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 103921. கடைசி இலக்கம் 1 என்பதால் 5 இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம். எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழியுங்கள். 921 − 103 = 818. 1001-இன் காரணிகள்தான் 7, 11, 13 என்று மேலே பார்த்தோமே, அதனால்தான் இந்த விதி வேலை செய்கிறது. 818-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6, 11-ஆல் 4, 13-ஆல் 12. மூன்றும் இல்லை.

அடுத்து 17. இதற்கு ஒரு விதி: கடைசி இலக்கத்தை வெட்டி, அதை 5-ஆல் பெருக்கி, மீதமுள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். 10392 − 5 = 10387. மறுபடியும், 1038 − 35 = 1003. மறுபடியும், 100 − 15 = 85. அது 17 × 5. வகுபடுகிறது! 103921 = 17 × 6113.

6113-இன் வர்க்கமூலம் 78.2. எனவே 73 வரை போனால் போதும். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். தங்கச்சிமடத்தில் சாயங்கால வகுப்பில் இந்த இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் இரண்டு பத்தியாக எழுதுவார்கள், இடப்பக்கம் பகா எண், வலப்பக்கம் மீதி. 7-க்கு 2, 11-க்கு 8, 13-க்கு 3, 17-க்கு 10, 19-க்கு 14, 23-க்கு 18, 29-க்கு 23, 31-க்கு 6, 37-க்கு 8, 41-க்கு 4, 43-க்கு 7, 47-க்கு 3, 53-க்கு 18, 59-க்கு 36, 61-க்கு 13, 67-க்கு 16, 71-க்கு 7, 73-க்கு 54. "வகுபடல சார்" என்று யாராவது ஏமாற்றத்தோடு சொல்வார்கள். வகுபடாததுதான் இங்கே விடை. பட்டியல் முழுதும் பூச்சியம் இல்லாமல் முடிந்ததால் 6113 பகா எண் என்று உறுதியாகிவிட்டது. மீதிகளை எழுதாமல் 'இல்லை, இல்லை' என்று மட்டும் எழுதிப் போகாதீர்கள். எழுதி வைத்தால்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

முழு விடை இதோ:

623526623526 = 2 × 3 × 17 × 101 × 6113 × 9901.

அறுபதாயிரம் வகுத்தல் என்று பயமுறுத்திய எண் முப்பது வகுத்தலுக்குள் முடிந்துவிட்டது. அமைப்பை முதலில் பார்த்ததன் பலன் இது.

101 இருக்கிறதா என்று தனியாகச் சரிபார்க்க விரும்பினால், எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 26 − 35 + 62 − 26 + 35 − 62 = 0. ஜோடி ஜோடியாகத் தள்ளுபடி ஆகிறது பாருங்கள்.

காரணிகளிலிருந்து மற்றவை

வகுத்திகள் எத்தனை? ஆறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. ஒன்றையும் எடுக்காவிட்டால் 1, எல்லாவற்றையும் எடுத்தால் அந்த எண்ணே. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 64.

வகுத்திகளின் கூடுதல் வேண்டுமானால் ஒவ்வொரு காரணியோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 4 × 18 × 102 × 6114 × 9902 = 13,33,83,55,22,496. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 7,10,30,88,98,970; இது மூல எண்ணைவிடப் பெரியது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அதை மிகை எண் என்பார்கள். பெருக்காமலேயே இதைச் சொல்லியிருக்கலாம். 6-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் வகுத்திகள். இந்த மூன்றையும் கூட்டினாலே சரியாக அந்த எண் வந்துவிடும். எண் 6-ஐவிடப் பெரியதானால் 1 என்ற வகுத்தி தனியாக மிஞ்சும். அப்புறம் மிகைதானே?

ஒன்றிலிருந்து இந்த எண் வரை, இதோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இது ஆய்லர் கொடுத்த ஃபை சார்பு. ஒவ்வொரு காரணியிலும் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும்: 1 × 2 × 16 × 100 × 6112 × 9900 = 1,93,62,81,60,000. நூற்றுக்கு ஏறத்தாழ 31. ஒரு எச்சரிக்கை: 'ஒன்று கூட்டு', 'ஒன்று குறை' என்ற இந்தச் சுருக்கு வழிகள் எந்தக் காரணியும் இரண்டாம் முறை வராத எண்ணுக்கு மட்டும்தான். 12 போல 2 இரண்டு முறை வந்தால் வேறு சூத்திரம் வேண்டும்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலா?

இந்தக் கேள்விக்கு விடை, முடியாது. காரணம் 3. எந்த வர்க்கத்தை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டு மீதியும் 0 ஆக வேண்டும். அப்படியானால் இரண்டு எண்களுமே 3-இன் மடங்கு, வர்க்கங்கள் 9-இன் மடங்கு, கூடுதலும் 9-இன் மடங்கு. நம் எண்ணின் இலக்கக் கூடுதல் 48, 9-ஆல் வகுபடாது. கதை முடிந்தது.

ஆனால் அந்த 3-ஐ மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது 207842207842. இதன் காரணிகள் 2, 17, 101, 6113, 9901. இதில் 2-ஐத் தவிர மற்ற எல்லாப் பகா எண்களும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. அப்படிப்பட்ட ஒவ்வொரு பகா எண்ணும் இரண்டு வர்க்கங்களின் கூடுதல் என்பது ஃபெர்மா சொல்லி, ஆய்லர் நிறுவிய உண்மை. தேடிப் பார்த்தால் கிடைக்கும்: 17 = 4² + 1², 101 = 10² + 1², 9901 = 99² + 10², 6113 = 73² + 28².

அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினாலும் வருவது இரண்டு வர்க்கங்களின் கூடுதல்தான் என்பது பிரம்மகுப்தர் காலத்திலேயே தெரிந்தது: (a² + b²)(c² + d²) = (ac − bd)² + (ad + bc)². 2 × 17 = 34 = 5² + 3². அதை 6113-ஓடு சேர்த்தால், 5 × 73 − 3 × 28 = 281, 5 × 28 + 3 × 73 = 359. அதாவது 207842 = 281² + 359². சரிபார்ப்பு: 78961 + 128881 = 207842.

இன்னும் 1000001 பாக்கி. அதை 1000² + 1² என்றே எழுதலாம். மறுபடியும் அதே முற்றொருமை: 281000 − 359 = 280641, 359000 + 281 = 359281. ஆக,

207842207842 = 280641² + 359281².

இதைக் கையால் விரித்துப் பார்க்காமல் விடாதீர்கள். 281000 − 359-இன் வர்க்கத்தில் 78961000000-உம் 128881-உம் வரும், நடுவில் 201758000 கழியும். 359000 + 281-இன் வர்க்கத்தில் 128881000000-உம் 78961-உம் வரும், அதே 201758000 கூடும். கூட்டும்போது நடு உறுப்புகள் அடிபட்டு, முன்னால் ஒரு 207842, பின்னால் ஒரு 207842 என்று அப்படியே நிற்கும். எண் கோட்பாட்டில் எனக்கு ஈடுபாடு வரக் காரணமே இப்படிப்பட்ட இடங்கள்தான்.

இந்த எண் சாதாரணமானதா?

ஆறு வெவ்வேறு பகாக் காரணிகள் என்பது அதிகமா, குறைவா? இதற்கு ஹார்டியும் ராமானுஜனும் 1917-ல் விடை சொன்னார்கள். எண்ணின் இயல் மடக்கையை (10-க்குப் பதிலாக e என்ற 2.718...-ஐ அடியாகக் கொண்ட மடக்கை) எடுத்து, அதற்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டித்தான் பெரும்பாலான எண்களுக்கு வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும். நம் எண்ணுக்கு முதல் மடக்கை 27.16, இரண்டாவது 3.3. மூன்று நான்கு காரணி இருந்தால் இயல்பு; நம்முடையதில் ஆறு. காரணம் நாம் அறிந்ததே: 101-ம் 9901-ம் இரட்டித்து எழுதியதால் இலவசமாக வந்தவை. அவற்றை விட்டுவிட்டால் நான்கு. ராமானுஜன் பிறந்தநாள் டிசம்பர் 22, தேசியக் கணித நாள். நம் கரையில் அந்தத் தேதி 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயலின் இரவும்கூட. பள்ளிகளில் அன்று இரண்டையுமே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அமைப்பே இல்லாத எண் வந்தால்

எல்லா எண்ணும் இப்படி இளகிக் கொடுக்காது. பெரிய பகா எண்கள் இரண்டை யோசிக்காமல் தேர்ந்து பெருக்கினால், வெளியே எந்த அமைப்பும் தெரியாத எண் வரும். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதையே இரகசியச் செய்திகளைக் காக்கும் பூட்டாக்கினார்கள், அதுதான் ஆர்எஸ்ஏ. இன்று பரவலாக இருக்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கம். சவாலுக்காக வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்றை 2020-ல்தான், ஏராளமான கணினிகளை ஓட்டி உடைத்தார்கள்.

ஒரு எண் பகா எண்ணா என்று மட்டும் கண்டுபிடிப்பது இதைவிட எவ்வளவோ சுலபம். எந்த எண்ணையும் நியாயமான நேரத்தில் ஐயமறச் சோதிக்கும் முறையை 2002-ல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். இவர்களில் இருவர் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தவர்கள்.

கணினி கிடைத்தால் லினக்ஸில் 'ஃபேக்டர்' என்ற கட்டளை இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் காரணிகளைக் கொட்டிவிடும். இன்னும் ஆழமாகப் போக பாரி ஜிபி என்ற இலவச மென்பொருள் நல்லது. ஆனால் முதலில் கையால் போட்டுவிட்டு, கணினியைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடையை முதலிலேயே பார்த்துவிட்டால் 9901-க்கு ஐந்து வகுத்தல் போதும் என்ற யோசனை ஒருபோதும் வராது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

கீழக்கரையின் பின்கோடு 623517, மண்டபத்தின் பின்கோடு 623518. அடுத்தடுத்த எண்கள். இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கவே முடியாது. இருந்தால் அது அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுத்தாக வேண்டுமே. ஆனால் இரண்டையும் தனித்தனியே இரட்டித்து எழுதுங்கள். இப்போது 1000001 இரண்டிலும் இருக்கும், மீப்பெரு பொது வகுத்தியும் அதுவேதான்.

மண்டபம் எண்ணில் மும்மூன்று இலக்க விதியைப் போட்டால் 518 − 623 = −105; எது வகுக்கும் என்று உடனே தெரியும். 2-ஐயும் அதையும் எடுத்தபின் மிஞ்சுவது 44537. அதை 211 வரை சோதிக்க வேண்டும். கீழக்கரை எண்ணை 3-ஆல் வகுத்தால் 207839. இதற்கு 455 வரை உள்ள பகா எண்கள் தேவைப்படலாம், அதனால் பட்டியலை முதலில் நீட்டி எழுதிக்கொள்ளுங்கள். இதில் நடுவில் எந்தச் சுருக்கு வழியும் கிடைக்காது. மீதிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போங்கள், 300-ஐத் தாண்டும்வரை விட்டுவிடாதீர்கள்.